நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு

படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைப் பார்க்க உறவுக்காரர்கள் வருவார்கள். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு ஆப்பிள், ஒரு ரொட்டிப் பாக்கெட். மருமகள் காபி போட அடுப்படிக்குப் போனதும், வந்தவர் நாற்காலியைக் கட்டிலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்துவார். "நேரத்துக்குச் சோறு குடுக்குறாளா?" காபி ஆற்றிக்கொண்டிருப்பவளுக்கு அது தெளிவாகக் கேட்கும். கேட்கட்டும் என்றுதானே அந்த அளவுக்கு மட்டும் தாழ்த்தியது.

தேனி மாவட்டத்தில் அரசு செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சின்னமனூர், உத்தமபாளையம் சுற்று ஊர்களில் படுக்கையில் இருக்கும் முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறேன். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, கத்தீட்டர் மாற்றுவது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றச் சொல்லிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் போவது நோயாளியிடம் இல்லை. இடுப்பில் ஒரு கை, கண்ணுக்குக் கீழே கறுப்பு, எந்நேரமும் ஈரமாக இருக்கிற முந்தானை, இப்படி ஒருத்தி கதவோரம் நிற்பாள். "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டால், "அத்தை ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தாங்க" என்பாள். நான் கேட்டது அத்தையைப் பற்றி இல்லை. திரும்பவும் கேட்டாலும் அத்தையைப் பற்றித்தான் பதில் வரும்.

இத்தனை வீடு ஏறி இறங்கியதில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. தூக்குவதும் துடைப்பதும் உடம்பைக் களைக்க வைக்கும். படுத்து எழுந்தால் பாதி தீரும். இவர்களை உடைப்பது வேறு. பெரியவரின் உடம்பை, பார்த்துக்கொள்பவளின் குணத்துக்குப் போட்ட மதிப்பெண் பட்டியலாக நாம் வாசிக்கிறோம். மெலிந்தால் சோறு போடவில்லை. புண் வந்தால் புரட்டிப் போடவில்லை. புலம்பினால் அன்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. உயிர் அடங்காமல் இழுத்தால் ஏதோ ஓர் ஆசையை நிறைவேற்றாமல் விட்டுவிட்டாள். இப்படி ஒரு தீர்ப்பு எந்நேரமும் வாசலில் காத்திருக்கும்போது, "என்னால முடியல, யாராச்சும் ஒரு கை பிடிங்க" என்று கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகிவிடுகிறது. கேட்க மாட்டார்கள். கேட்காமலே வருடங்கள் ஓடும்.

மறதி நோய் வந்த வீடுகளில் இது உச்சத்துக்குப் போகும். கோம்பைப் பக்கம் ஒரு வீடு. அம்மாவுக்கு எண்பதுக்கு மேல். காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாசல் திண்ணையில் வந்து உட்கார்வார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "நேத்துலருந்து பட்டினி, ஒரு வாய் சோறு இருந்தாத் தா தாயி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த நோயில் புதிய நினைவுகள்தான் முதலில் பதியாமல் போகும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய பஞ்சம் நினைவிருக்கும், அரை மணி நேரத்துக்கு முந்தைய இட்லி இருக்காது. எதிர்வீட்டுக்காரர்கள் கண் கலங்கி ஒரு கிண்ணத்தில் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனது யார்? மருமகள்தான். அந்தப் பத்தடி தூரத்தை நடப்பதற்குப் பதிலாக ஏலத் தோட்டத்துக்குப் போய் மூட்டை தூக்கியிருப்பேன் என்றாள் என்னிடம்.

பிறகு அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமியார் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் திண்ணையில் அவர் பக்கத்திலேயே மத்தியானம் வரைக்கும் வைத்துவிடுவது. "சாட்சி நர்சம்மா, சாட்சிக்கு வேணும்ல." ஈ மொய்க்கிற அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு ஊர் சொன்னது: "தின்ன தட்டைக்கூடக் கழுவ மாட்டேங்குறா."

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. அத்தனை வீடுகளிலும் ஒரு திண்ணை, ஒரு தட்டு இருக்கும். எங்கள் ஊரின் கோணல் புத்தி என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. கோவாவில் விக்ரம் படேலும் மார்ட்டின் பிரின்ஸும் செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகளின் அன்புக் குறைவாலும் புறக்கணிப்பாலும் வருவதுதான் இந்தப் புத்தித் தடுமாற்றம் என்று மக்கள் நம்பியதைப் பதிவு செய்தது. லாரன்ஸ் கோஹன் என்ற மானிடவியலாளர் காசியில் பல காலம் தங்கி எழுதிய புத்தகம் 1998-ல் வந்தது. அங்கேயும் இதே கதை. கிழவி பிதற்றினால் அந்தக் குடும்பம் கெட்ட குடும்பம். திருச்சூரில் நடந்த ஆய்வில், நோயாளி செய்வதை வேண்டுமென்றே செய்யும் அடமாகக் குடும்பத்தார் எடுத்துக்கொண்டது தெரியவந்தது. ஊர் மருமகளைக் குற்றம் சொல்கிறது, மருமகள் மாமியாரைக் குற்றம் சொல்கிறாள். மூளையில் நடக்கும் ஒரு சீரழிவைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இதில் ஒரு முரண்பாட்டையும் பாருங்கள். அதே வாய், "வயசானா அப்படித்தான், இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்" என்றும் சொல்லும். வயசால் வருவதென்றால் மருமகள் காரணம் இல்லை. மருமகள் காரணமென்றால் அது வயசால் வந்தது இல்லை. இரண்டையும் ஒரே காபி குடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிக்காத ஊர்க்காரர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக் கோட்டு போட்டவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. படுக்கைப் புண்ணோடு ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு போனால், "இப்படிப் புழு வைக்கிற வரைக்கும் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்கிற மருத்துவர்கள் உண்டு, எங்கள் செவிலியர்களும் உண்டு. புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடச் சொல்லுகிறோம். ஆஸ்பத்திரியில் அதை மூன்று ஷிப்டு ஆட்கள் செய்கிறார்கள். வீட்டில் ஒருத்தி. ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று எழுந்து, தன்னைவிடக் கனமான ஓர் உடம்பைப் புரட்டிவிட்டு, ஆறு மணிக்குப் பிள்ளைக்குச் சோறு கட்ட வேண்டும். ஒரு வாரம் செய்யலாம். ஒரு வருடம்? திட்டு வாங்கி வந்தவள் அடுத்த முறை புண் வந்தால் காட்ட மாட்டாள். மஞ்சளை அரைத்துப் பூசி மூடி வைப்பாள். நான் போய்ப் போர்வையை விலக்கும்போது எலும்பு தெரியும்.

கூச்சமும் மரியாதையும் செய்கிற வேலை இன்னொன்று. மார்க்கையன்கோட்டையில் ஒரு வீட்டு மருமகள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் முன்னால் உட்கார்ந்ததில்லை. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகனுக்குக் கேரளத்தில் வேலை. டயப்பர் மாற்ற அவளைத் தவிர ஆள் இல்லை. மாமனார் கண்ணை இறுக மூடிக்கொள்வார், இவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையால் தடவித் துடைப்பாள். "ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே ஒரு மாசம் ஓடிருச்சு நர்சம்மா" என்றாள். பார்க்காமல் துடைத்தால் தொடை மடிப்பில் ஈரம் தங்கும், தோல் வெந்து போகும். வெந்தது. உடனே நாத்தனார் சொன்னது, "அருவருப்புப்பட்டு ஏனோதானோன்னு செஞ்சிருக்கா." அவள் காட்டியது அருவருப்பா? அவர் மேல் வைத்திருந்த மரியாதைதான் அந்தப் புண்ணுக்குக் காரணம்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்கிற மாதிரி, இடுப்பில் ஒரு துண்டைப் போட்டு மூடி, ஒரு நேரத்துக்கு ஒரு பகுதியை மட்டும் விலக்கித் துடைத்து மூடச் சொல்லிக் கொடுத்தேன். பெரியவரிடமும், "ஐயா, இது வைத்தியம், உங்க மக செய்றதா நெனைச்சுக்கங்க" என்றேன். அடுத்த முறை போனபோது கண்ணைத் திறந்து வைத்திருந்தார். இந்தத் துண்டு விஷயத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்குமா? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். ஒரு மருமகளுக்கு இதெல்லாம் தானாகத் தெரியும் என்று நாம் நம்புகிறோம். கல்யாணத்தோடு சேர்த்துத் தாலியில் முடிந்து கொடுத்துவிட்டதாக நினைப்பு.

ஆண் செய்தால் கதையே வேறு. சீலையம்பட்டியில் ஒருவர் தன் அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். குளிப்பாட்டுவது, சீலை மாற்றுவது எல்லாம் அவர்தான். அவர் டீக்கடைக்கு வந்தால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். பிள்ளைன்னா இப்படி இருக்கணும் என்கிறார்கள். அந்தப் புகழ் அவருக்குத் தகும், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அடுத்த தெருவில் ஆறேழு வருடமாக இதையே செய்கிற பெண்ணை டீக்கடையில் யாரும் பேசியதில்லை. அந்த மனிதருக்கும் வேறு ஒரு பூட்டு இருக்கிறது. அழ முடியாது. "நீங்க சொல்ற அளவுக்கெல்லாம் நான் நல்லவன் இல்ல சிஸ்டர், நேத்து அம்மாவ அறைஞ்சுட்டேன்" என்று ஒரு நாள் என் வண்டியை நிறுத்திச் சொன்னார். அத்தனை பேர் சேர்ந்து சாமியாக்கி வைத்த ஆள், அதை டீக்கடையில் எப்படிச் சொல்வார்?

மகள் வீட்டில் இருக்கும் அம்மாக்கள் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்ற எண்ணம் எங்கள் பக்கம் இன்னும் நன்றாகவே வேரோடியிருக்கிறது. கூழையனூரில் ஒரு பாட்டி. மகன் இருக்கிறார், ஆனால் பார்த்துக்கொண்டது மகள். பாட்டி தன் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயை வந்த அன்றைக்கே மருமகன் சட்டைப்பையில் திணித்துவிடுவார். ஓசிச்சோறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ராத்திரி தண்ணீர் தாகம் எடுத்தாலும் மகளை எழுப்பமாட்டார். மகளோ, மாமியார் முகம் கோணாமல், புருஷன் சலித்துக்கொள்ளாமல், அம்மா கூச்சப்படாமல் மூன்று பக்கமும் ஈடு கொடுத்தாள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் அண்ணன் வேன் கொண்டுவந்தார். சாவு மகன் வீட்டில்தான் விழ வேண்டும். மகள் வீட்டு வாசலில் பந்தல் போட்டால் மகனுக்குக் கேவலம். கடைசி இரண்டு நாள் அங்கே கிடந்து பாட்டி போய்ச் சேர்ந்தார். நீர்மாலை, கொள்ளி, கருமாதி எல்லாம் மகன் பேரில். அத்தனை வருடம் அள்ளிப்போட்டவள் மற்ற பெண்களோடு ஒருத்தியாகப் பந்தலில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் அண்ணியின் கையைப் பிடித்துத்தான் துக்கம் கேட்டார்கள். அவளுக்கு அதன்பிறகு பல மாதம் தூக்கம் வரவில்லை. ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கவில்லை. பார்த்துக்கொள்வதன் களைப்பு சாவோடு முடிந்திருக்க வேண்டும். அவள் பட்ட பாட்டுக்குச் சாட்சியே இல்லாமல் போனது அவளைத் தூங்கவிடவில்லை.

உயிர் இழுத்துக்கொண்டிருக்கும் நாட்களில் நம்பிக்கைகள் இன்னும் கூர்மையாகும். சொந்தக் காட்டு மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள், மண்ணாசை தீர. பொன்னை உரசி ஊற்றுவார்கள். பாலை ஊற்ற ஒவ்வொருவராக வரிசையில் வருவார்கள். விழுங்கும் திறன் போய்விட்ட தொண்டையில் டம்ளர் டம்ளராக ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். ஆனால் இதை மூடநம்பிக்கை என்று கத்திவிட்டு வந்தால் அந்த வீட்டில் எனக்கு அடுத்த முறை இடமில்லை. கத்த எனக்கு மனமும் இல்லை. பால் ஊற்றும் சடங்கில் ஒரு நல்லது இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மூத்த மகன், பேசாமல் கிடந்த தம்பி எல்லோரும் அந்தக் கட்டிலுக்கு வந்தாக வேண்டும். ஆகவே பஞ்சில் நனைத்து உதட்டில் இரண்டு சொட்டு, அவ்வளவுதான் என்று என் முன்னாலேயே செய்ய வைப்பேன். நான் சண்டை போடுவது அதற்கடுத்து வரும் கேள்வியோடு. "அதுக்கு என்ன ஆசை நின்னு போச்சுன்னு தெரியலையே, நீ எதையும் கேட்டு இல்லைன்னு சொன்னியாம்மா?" இதைக் கேட்பது அநேகமாக ஒரு பெரியம்மாவாக இருப்பார். அன்று ராத்திரி அந்த மருமகள் பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கித் தராத அதிரசம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருப்பாள். இதயமும் சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க அவற்றுக்கென்று ஒரு காலம் பிடிக்கிறது. சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு இரண்டு வாரம். அதற்கும் அதிரசத்துக்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவும் சொல்வதால் நம்பிக்கைகளை மூட்டை கட்டித் தூக்கிப்போடச் சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. என் அனுபவம் அப்படி இல்லை. "போன ஜென்மத்துக் கடன், இதோட தீரட்டும்" என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்குப் படுத்து உடனே தூங்குகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஏன் எனக்கு மட்டும் என்று குடைகிறவர்களைவிட அவர்கள் திடமாக இருக்கிறார்கள். ராயப்பன்பட்டியில் ஒரு அம்மா இதைத் தன் சிலுவை என்கிறார். உத்தமபாளையத்தில் ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண், தாயின் காலடியில் சொர்க்கம் என்பதை மனதார நம்பித்தான் காலையில் அந்தக் காலைப் பிடித்துத் துடைக்கிறார். அவருக்கு இருந்த ஒரே கவலை, மூத்திரம் பட்ட துணியோடு தொழ முடியாதே என்பது. தொழுகைக்கு ஒரு செட் உடுப்பைத் தனியாக மாடியில் வைத்துக்கொண்டார். பிரச்சினை முடிந்தது.

இன்னொரு பெண் எனக்கு நம்பிக்கையின் வேறு ஒரு உபயோகத்தைக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை தோறும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குப் போவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். மாமியார் படுத்து நாலாவது வருடம் அது. கோயிலில் என்ன வேண்டிக்கொள்வாய் என்று கேட்டேன். சிரித்தாள். "அஞ்சு நிமிசம் கும்புடுவேன். அப்புறம் ஆத்தங்கரையில மரத்தடியில துண்ட விரிச்சு ரெண்டு மணி நேரம் தூங்குவேன்." முல்லையாற்றங்கரையில் தூங்கப்போகிறேன் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், சினிமாவுக்குப் போகிறேன் என்றாலும் கிழவியைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள் என்ற பேச்சு வரும். கோயில் என்றால் வராது. எதிர்வீட்டுக்காரி கூப்பிடாமலே வந்து கட்டிலருகில் உட்கார்ந்துகொள்வாள். எங்கள் பண்பாடு பராமரிப்பவளுக்குத் தந்திருக்கும் ஒரே விடுப்பு அதுதான். ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.

பாப் நைட், பிலிப் சாயெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல் எழுதியது இதோடு ஒத்துப்போகிறது. குடும்பப் பற்று மிகுந்த சமூகங்களில் பராமரிப்பு சுமையாகத் தெரியாது என்றுதான் முன்பு எதிர்பார்த்தார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கடமை என்ற அழுத்தமே சில இடங்களில் உடல்நலத்தைக் கெடுக்கிறது. ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார், அவருக்குத் துணைக்கு யார் வருகிறார்கள் என்பதன் வழியாகத்தான் பண்பாடு நல்லதோ கெட்டதோ செய்கிறது என்பது அவர்கள் முடிவு. நேர்த்திக்கடன் துணையைக் கொண்டுவந்தது. "சோறு குடுக்குறாளா" துணையை விரட்டுகிறது. இரண்டும் ஒரே ஊரின் நம்பிக்கைகள்தான்.

உடம்பைக் கெடுக்கிறது என்று சொன்னது பேச்சுக்கு இல்லை. அமெரிக்காவில் துணைவரைப் பராமரித்த முதியவர்களை நாலு ஆண்டு தொடர்ந்து கவனித்து 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பராமரிப்பின் அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு, அந்தப் பொறுப்பில்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகம். எங்கள் ஊரில் இப்படி யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. மாமியாருக்கு முப்பதாம் நாள் கும்பிட்ட கையோடு மருமகளைப் படுக்கையில் போட்ட வீடுகள் என் நினைவில் இருக்கின்றன.

தேனி, விருதுநகர், மதுரைப் பக்கம் என்றதும் வெளியூர்க்காரர்கள் தலைக்கூத்தலைப் பற்றி, படுக்கையில் கிடக்கும் பெரியவரை வீட்டாரே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் அந்தப் பழக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். அதை வைத்து எடுத்த 'பாரம்' படம் தேசிய விருது வாங்கிய பிறகு இன்னும் அதிகம் கேட்கிறார்கள். அது கொலை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதற்கு முந்தைய ராத்திரிகளைப் பற்றிக் கேட்பதில்லை. "ஒரு ஊசி கீசி போட்டு முடிச்சு விட்ருங்களேன்" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்கிறவரிடம் நான் திரும்பக் கேட்பது, கடைசியாக எப்போது விடியும்வரை தூங்கினீர்கள் என்பதுதான். பலருக்கு நினைவு இருக்காது. வலிக்கு மாத்திரையும், ராத்திரிக்கு ஒரு மாற்று ஆளும் ஏற்பாடானபின் அதே வாய் அந்தப் பேச்சை மறுபடி எடுத்து நான் கேட்டதில்லை.

அரசாங்கத்திடம் கேட்க எனக்கு ஒரு பட்டியலே உண்டு, இரண்டொன்றை மட்டும் சொல்கிறேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். கடமைப்பட்ட பிள்ளைகள் என்று அது சொல்வது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகளைச் சேர்க்க 2019-ல் ஒரு திருத்த மசோதா வந்து நிறைவேறாமல் போனது. ஆக, சட்டப்படி பொறுப்பே இல்லாதவள்தான் எங்கள் ஊர்களில் அத்தனையும் செய்கிறாள். தண்டனையை எழுதிய சட்டம், ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒரு நாள் ஓய்வைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆசுவாசகிரணம் என்ற திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து ஜீப்பில் அங்கே ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்ணின் இரண்டு நாள் கூலிகூட வராது. தொகை சிறியதுதான், ஆனால் அரசாங்கத் தாளில் அவள் பெயர் ஏறுகிறது. கூழையனூர் மகளுக்கு அது போதுமாயிருந்திருக்கும்.

மருமகள்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஜப்பானிலும் இறுக்கமாக இருந்தது. வேலைக்குப் போகும் ஒரு மருமகள், புத்தி தடுமாறிய மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் கதையை சவாகோ அரியோஷி 1972-ல் நாவலாக எழுதினார். நாடே அதைப் படித்துப் பேசியது. அந்தப் பேச்சு நீண்டு, 2000-ல் எல்லோருக்குமான முதியோர் பராமரிப்புக் காப்பீடு அங்கே வந்தது. அதற்காக ஜப்பான்காரர்கள் பெற்றோரை மதிப்பதை நிறுத்திவிடவில்லை.

நம்மிடமும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்கு வருகிறது. பெரியவரின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றும்போது, பக்கத்தில் நிற்பவளின் கையிலும் ஒரு தடவை சுற்றினால் இரண்டு நிமிடம் கூடுதலாகும். பார்த்துக்கொள்பவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு கட்டத்தை அட்டையில் சேர்த்தால் கேட்டாக வேண்டிய கட்டாயம் வரும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒற்றை அறை வீட்டில், மாமியார் காது கேட்க நின்றுகொண்டு எந்த மருமகள் அந்த எண்ணில் பேசுவாள்? பராமரிப்பாளரின் மனச்சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் பட்டியல் என்று ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பேச்சுத் தமிழாக்கிக் கட்டிலருகில் நின்று கேட்டுப் பார்த்தேன். கோபம் வருமா? "சேச்சே." உனக்கென்று நேரம் இல்லையே என்று தோன்றுமா? "அப்படியெல்லாம் இல்ல." துணி காயப்போட மாடிக்கு ஏறியவளோடு கூட ஏறிக் கேட்டபோது, ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். அந்தச் சேலை கடைசிவரை கொடியில் ஏறவில்லை.

அரசாங்கம் வரும்போது வரட்டும். அதுவரை நலம் விசாரிக்க வருகிறவர்கள் செய்ய ஒன்று இருக்கிறது. ஹார்லிக்ஸ் வேண்டாம். வந்ததும் மருமகளிடம், "நீ போயிட்டு வா, சாயங்காலம் வரைக்கும் நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

சின்னமனூரில் ஒரு வீட்டில் இதைச் சட்டமாகவே போட வைத்தேன். மூன்று நாத்தனார்கள், மூவரும் பத்து மைல் சுற்றளவில். மாதா மாதம் வந்து அம்மாவின் கன்னத்தைத் தடவி, "எலும்பும் தோலுமா ஆக்கிட்டாளே" என்று அழுதுவிட்டுப் போவார்கள். ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, மருமகள் வீட்டிலேயே இருக்கக்கூடாது, போனும் எடுக்கக்கூடாது என்று பேசி முடித்தோம். முதல் ஞாயிறு பதினொரு மணிக்கு மூத்தவர் எனக்குப் போன் போட்டார். "அம்மா சோத்தத் துப்புது சிஸ்டர், கையத் தட்டிவிடுது, திட்டுது. என்ன செய்றது?" அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி ஊட்டுங்கள் என்றேன். "எத்தனை தடவை?" என்றார். தினமும் எத்தனை தடவை என்று உங்கள் மதினியைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

எலும்பும் தோலும் பேச்சு இப்போது அங்கே இல்லை. போன மாதம் கட்டு மாற்றப் போனபோது வேறு சண்டை நடந்துகொண்டிருந்தது. தை மாத முகூர்த்த ஞாயிறு யார் தலையில் விழுவது என்பது ஒன்று. இளையவள் வந்த நாளில் ஆறு டயப்பர் தீர்ந்துபோய், ஒன்றுகூட வாங்கி வைக்காமல் போய்விட்டாள் என்பது இன்னொன்று. மூத்தவர் என்னை நடுவராக்கப் பார்த்தார். நான் கட்டை மாற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.